ஆறு மணிக் குரல்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொம்பையாவின் குரல் இருநூறு ஊர்களில் ஒரே நேரத்தில் பேசும். அந்த நேரத்தில் கொம்பையா பெரும்பாலும் குளித்துக்கொண்டிருப்பான். இல்லையென்றால் தோசை தின்றுகொண்டிருப்பான்.

"உம்ம குரலு சம்பாதிக்கி, நீரு உக்காந்து திங்கீரு" என்பாள் அவன் பெண்டாட்டி ராசகனி. "நாயமாப் பாத்தா தட்டை அதுக்குத்தான் வைக்கணும்."

அவன் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் மூட்டை ஏற்றியவன். முதுகில் வட்டு விலகி, இனிமேல் சுமந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் செல்போனில் ஒரு சேனல் தொடங்கினான். அவன் பேசலாம். சேர்ந்தவர்கள் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. நாளைக்கு எந்த அளத்தில் உப்பு வாருகிறார்கள், எத்தனை ஆள் வேண்டும், வேன் எங்கே வந்து நிற்கும். அவ்வளவுதான் சேதி. 'உப்புக்காத்து' என்று பேர் வைத்தான். சேர்ந்தது அவனோடு மூட்டை சுமந்த நாற்பது பேர்.

ஆள் பெருகியது வேலைச் சேதியால் அல்ல, சாவுச் சேதியால். ஒருநாள் போகிற போக்கில், இன்னார் வீட்டில் துட்டி, நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று பேசிப் போட்டான். மறுநாள் சேனலில் முந்நூறு பேர் இருந்தார்கள். சொந்தக்காரன் சாவுக்குப் போகாதவனுக்கு அந்தப் பக்கத்தில் மன்னிப்பு கிடையாது; போன் வரவில்லை, தெரியாது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் ஒருமுறை சேர்ந்தவர் யாரும் விலகவில்லை. முதல் விளம்பரம் கொடுத்தவர் பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். அடுத்து பந்தல்காரர், பூமாலைக்கடை, வேன். கொம்பையா ஊருக்கு ஒரு சேனல் திறந்தான். ஒவ்வொரு சேனலிலும் பக்கத்து ஊர்ச் சேனலைப் பற்றி ஒரு வரி பேசினான். செல்போன் கடைக்காரர்களுக்குக் கமிஷன் கொடுத்து, ரீசார்ஜ் செய்ய வருகிறவர்களையெல்லாம் சேர்த்துவிடச் சொன்னான்.

இந்தத் தொழில் அவனுக்குப் புதிதுமல்ல. ஊரில் யார் செத்தாலும் வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்லப் போனது அவன் அப்பாதான். அது அவர் தேடிக்கொண்ட வேலை இல்லை, ஊர் அவர் தலையில் வைத்தது. நடந்தே போக வேண்டும். வீட்டுக்குள் போகக் கூடாது. தெருவில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்ப வேண்டும். கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்குச் சாவு மறுபடி வரும். அவர் தெருமுனையில் தலை காட்டினாலே பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். மகன் அதே சேதியைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான், வீடு கட்டினான்.

சேனல்கள் நூறைத் தாண்டியபோது அவனால் பேசி மாளவில்லை. அப்போதுதான் ரெக்ஸ்லின் வந்தாள். மார்த்தாண்டம் பக்கம். கம்ப்யூட்டர் படித்தவள். ஏசி அறையில் இரண்டு நாள் அவனை உட்காரவைத்து, காகிதம் காகிதமாக வாசிக்கச் சொன்னாள். அதன்பிறகு எழுத்தில் கொடுத்தால் போதும், மெசின் அவன் குரலில் பேசிவிடும். இன்னொன்றும் செய்தாள். கேட்பவர்கள் ஒரே ஒரு சொல் பேசலாம் என்று ஆக்கினாள். வேலைக்கு வருகிறவர்கள் பொத்தானை அழுத்தி "வாரேன்" என்று சொல்ல வேண்டும். மெசின் ஆளை எண்ணிக் கண்ட்ராக்டருக்குச் சொல்லிவிடும்.

உப்பளக் கண்ட்ராக்டர் தவசிலிங்கம் கொம்பையாவின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்திருந்தார். அதற்கு முந்தின கோடையில் உப்பு வாரும்போதே வெயிலில் சுருண்டு விழுந்து நிறையப் பேர் செத்திருந்தார்கள். அளத்துக்குள் ஆள் செத்தால் ஒரு வாரம் அளத்தைப் பூட்ட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. தவசிலிங்கம் பாலைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"செத்தாலும் மழைக்கு மொத நாளு சாவணும்டே. எப்படியும் அளம் பூட்டித்தான் கெடக்கும். நட்டமில்ல பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தான்.

அண்ணன் பெண்டாட்டி உலகம்மாள் அந்தப் பால்காய்ச்சுக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்ததில்லை. ஐப்பசி பிறந்து ஒரு மத்தியானம் வந்தாள். படி ஏறவில்லை. வெயிலில் நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் ராசகனி.

"ஒங்க வீட்டுத் தரை வழுக்கும். நான் இங்கனயே நிக்கேன். அவன வரச் சொல்லு."

கொம்பையா வந்தான். "என்ன மதினி, வெயில்ல நின்னுக்கிட்டு?"

"நான் வெயில்ல நிக்காத பொம்பளையாக்கும்? ஏ கொம்பையா, ஒங்கண்ணன் செத்த பெறகு ஒருநாளு, ஒரு படி அரிசி குடுன்னு ஒன் வாசல்ல நின்னுருக்கேனா?"

"இல்ல மதினி."

"பெறகு என்ன கோவம்யா ஒனக்கு எம்மேல? ஒரு மாசமா வேலை இல்ல, வேலை இல்லன்னு சொல்லுத. எதுத்த வீட்டு அந்தோணியம்மா போறா. அவ கொழுந்தியா போறா. அவ வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் போனு இருந்தா அதையும் வேன்ல ஏத்திருவ. எனக்கு மட்டும் இல்ல."

"நான் எப்ப மதினி சொன்னேன்?"

அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து, ஒரு விரலால் குத்தினாள். கொம்பையாவின் குரல் பேசியது.

"உலகம்மா மதினி... நாளைக்கு நம்ம அளத்துல வேலை இல்ல. வீட்டுல இருந்து ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

மதினி என்றதும் ஒரு சின்ன நிறுத்தம். அது அவனுடையதுதான். சின்ன வயதிலிருந்தே அவளைக் கூப்பிட்டால் அப்படி ஒருமுறை நிறுத்தித்தான் மேலே பேசுவான். குரல் தொடர்ந்து, 'கடைசிப் பயணச் சீட்டு' பற்றிச் சொன்னது: மாதம் ஒரு சின்னத் தொகை, பெட்டி முதல் பந்தல் வரை நம்ம பொறுப்பு, பிள்ளைகளுக்குப் பாரம் இல்லை.

"இத நான் சொல்லல" என்றான்.

"பெறகு ஒங்கப்பனா வந்து சொன்னாரு?" சொல்லும்போதே இருமல் வந்தது. நின்று, சுவரைப் பிடித்து, மறுபடி பேசினாள். "எம்மக சந்தனமாரிக்கு மாசம் நெருங்கிட்டு. தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை கூட்டியாறேன்னு அவ மாமியாக்கிட்டச் சொல்லியாச்சு. வந்த புள்ளைக்கு நான் என்னத்த ஆக்கிப் போடுவேன்?"

ராசகனி உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தாள். உலகம்மாள் அதைப் பார்க்கவே இல்லை.

"துட்டு வேண்டாம். வேலை குடு. அதான் கேட்டேன்." நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "அந்த ஐஸ் பெட்டி வண்டிக்காரப் பய ஒங்க ஆளுதான? ஒரு வாரமா எங்க தெரு முக்குலயே கெடக்கான். என்னடேன்னா, இங்க நிக்கச் சொல்லியிருக்காவங்கான். பாவம், ரெண்டு வேளை தண்ணி குடுத்தேன். அவனுக்காவது எங்கயாவது வேலை குடு."

ரெக்ஸ்லினின் அலுவலகம் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. கொம்பையா மூச்சு வாங்க ஏறிப்போனான்.

"மேடம், எங்க மதினிக்கு வேலை இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல அண்ணே. உங்க குரல் சொல்லிச்சு."

"சேனல்னா எல்லாருக்கும் ஒரே சேதிதான?"

"அது பழைய சேனல். இப்ப ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு சேதி. பேருதான் சேனல்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. நீங்க கேக்கவே இல்ல, அதனால நானும் சொல்லல."

அவன் உட்காரவில்லை.

"ஏழு வருஷமா தினம் வாரேன், வாரேன்னு சொல்றாங்க. அத்தனையும் இருக்கு. யாரு செத்தாலும் நம்ம சேனல்லதான் போடுறோம். அதுவும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். செத்தவங்க சாகறதுக்கு முந்தி எப்படி வாரேன் சொன்னாங்கன்னு மெசின் பாத்துது. நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுவே புடிச்சுக்கிட்டுது."

"என்னத்தப் புடிச்சுது?"

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "வாரேன்" என்றது ஒரு பெண் குரல். பலகையால் தரையில் அடித்த மாதிரி இருந்தது. "இது மூணு வருஷத்துக்கு முந்தி, உங்க மதினி. இது போன மாசம்."

"வாரேன்."

அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னான். அப்புறம் கேட்டது. அந்த ஒரு சொல்லுக்கு நடுவில் அவள் ஒரு மூச்சு எடுத்திருந்தாள்.

"இப்படிச் சொன்னவங்கள்ள முக்காவாசிப் பேரு ரெண்டு மாசம் தாண்டல" என்றாள் ரெக்ஸ்லின். "அவங்கள மட்டும் வேற பக்கம் ஒதுக்கிருவோம். அளத்துக்கு வந்து விழுந்தா ஒரு வாரம் பூட்டணும்ல? கண்ட்ராக்டருக்கு அது வேண்டாம். அதுக்குத்தான் நமக்குத் துட்டு குடுக்காங்க. ஒதுக்குனவங்களுக்கு வேலை இல்லன்னு சேதி போகும்."

"அப்ப இத ஆசுபத்திரிக்குல்லா சொல்லணும்?"

"சொல்லிப் பாத்தேன் அண்ணே. ரெண்டு பெரிய ஆசுபத்திரிக்கு எழுதினேன். பதிலே இல்ல. வாங்க வந்தது கண்ட்ராக்டர், அடுத்தது ஐஸ் பெட்டிக்காரர். எந்தத் தெருன்னு சொன்னாப் போதும், வண்டிய முன்னாடியே நிப்பாட்டிக்கிடுவாரு. மத்தவன் வர்றதுக்குள்ள பெட்டிய எறக்கிரலாம்."

"எங்க மதினிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம். சொன்னா, அளத்துல கெடந்துதான் நெஞ்சு போச்சுன்னு கேஸ் போடுவாங்க. நீங்கதான அண்ணே கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டிருந்தான். புது வீட்டுக்கு டைல்ஸ் இறங்கிய அன்றைக்குப் போட்டது. வாசிக்கவில்லை.

"எத்தனை பேரு அப்படி?"

"நாலாயிரத்துக்கு மேல. அந்தப் பக்கத்துக்குத்தான் விளம்பர ரேட்டு ஜாஸ்தி. உங்களுக்கு வர்றதுல பாதி அங்க இருந்துதான் வருது." திரையில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "இதுக்குக் கீழ போனவங்க ஒதுக்கம். கோட்ட ஏத்தலாம், எறக்கலாம். எத்தனை ஆளு வேணும்கறதப் பொறுத்து. அது தவசிலிங்கம் அண்ணாச்சி கையில. என் கையில இல்ல."

கொம்பையாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"எங்கம்மாவும் முந்திரி ஆலையிலதான் கெடந்தாங்க" என்றாள். "அவங்க குரலையும் போட்டுப் பாத்தேன்."

"என்ன சொல்லிச்சு?"

அவள் திரையை அணைத்தாள்.

"மேடம், நான் பேசப் போறேன். என் வாயால."

"பேசுங்க. மைக் அங்கதான் இருக்கு."

ஏசி அறையில் போய் நின்று பேசினான். எழுதிக்கொள்ளவில்லை. "மக்களே, இது கொம்பையாதான், மெசின் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுதது நான் இல்ல. வேலை இல்லன்னு யாருக்குச் சேதி வருதோ, அவங்க ஒடம்பு கெட்டுக் கெடக்குன்னு அர்த்தம். அத மறைச்சுட்டு ஒங்கள ஒதுக்கி வச்சிருக்காவ. வெரசா ஆசுபத்திரிக்குப் போங்க. இந்தத் துட்டுல நானும் தின்னுருக்கேன். மன்னிச்சிருங்க." முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

ஆறு மணிக்கு வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி அடித்தது. அவன் பேசியது அப்படியே வந்தது, இருமியது உட்பட. பெரிய மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. அடுப்படிக்குப் போனான். ராசகனி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவள் போன் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"கேட்டியா?"

"என்னத்த? நாளைக்குத் தண்ணி லாரி காலையிலயே வருமாம். அதான? கொடத்த எல்லாம் வெளிய எடுத்து வைக்கணும்."

அவன் அவளுடைய போனை எடுத்து அந்தச் சேதியை ஓடவிட்டான். "ராசகனி, தெருவுக்கு நாளைக்குத் தண்ணி லாரி காலையிலயே வந்துரும்..." என்றது அவன் குரல். பிரியமாகத்தான் சொன்னது.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அவன் போன் அடித்தது. தவசிலிங்கம்.

"நல்லாப் பேசியிருக்கடே. எனக்கே கண்ணு கலங்கிட்டுன்னா பாரேன்."

"அண்ணாச்சி..."

"ரெண்டு பேரு கேட்டுருக்கோம். நீயும் நானும். அந்தப் பிள்ளையக் கோவிக்காத. அது சம்பளத்துக்கு இருக்கு. சவத்த விடுடே. நாம அவங்களக் கொல்லவா செய்யுதோம்? வீட்டுல இருங்கன்னுதான சொல்லுதோம்?"

"வீட்டுல இருந்தா என்னத்தத் திங்க?"

"அத எங்கிட்டக் கேக்க. சரி, நான் ஒண்ணு கேக்கேன். நீ நேர்ல போயி நான் வேற அது வேறன்னு சொன்னா, எவன்டே நம்புவான்?" சிரித்துவிட்டு வைத்தார்.

ராசகனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை மாட்டுவதைப் பார்த்து, கத்தியை வைத்தாள்.

"நீரு போய்ச் சொன்னா அக்காவுக்கு நெஞ்சு நல்லாயிருமா?"

"சொல்லாம இருந்தா மட்டும்?"

"கொஞ்ச நாளு தெரியாமயாவது இருப்பா. மகள் வார நேரம். இப்பப் போயி நின்னு இதச் சொல்லுவீராக்கும்?" குரல் இறங்கியது. "வீட்டுக் கடன் இன்னும் கெடக்கு. அதையும் சொல்லுதேன். சொன்னா நான்தான் கெட்டவ."

அன்றைக்கு அவன் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சட்டையை மாட்டுவான், கழற்றுவான். வெள்ளிக்கிழமை கடல் பக்கம் மேகம் இறங்கி, வெயிலே இல்லாமல் புழுங்கியது. புயல் சின்னம் என்றது ரேடியோ. உப்பெல்லாம் பாத்தியில் விளைந்து கிடந்தது. மத்தியானத்துக்குமேல் கொம்பையா கிளம்பினான்.

உலகம்மாளின் தெருமுனையை ஐஸ் பெட்டி வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் முன்சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். கொம்பையா பைக்கை அங்கேயே விட்டான். மணலில் நாலடி போனதும் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தான். யார் யாரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் முதல் வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்தான்.

முதல் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, "யம்மா, யாரு இருக்கா?" என்றான்.

வெளியே வந்த பெண் அவனைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள், உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்தாள். "அய்யோ, யாருக்குய்யா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் இல்லம்மா, நான் வேற ஒண்ணு..."

அவள் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி வெளியே வந்து, எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டாள். யாரோ பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். கொம்பையா நின்ற இடத்திலிருந்து தெருவின் கடைசி வரைக்கும் அழுகை அவனுக்கு முன்னால் ஓடியது. போன் வந்து இத்தனை வருஷமாகியும் ஒருத்தர்கூட மறந்திருக்கவில்லை.

உலகம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் நிறைந்த வயிற்றோடு சந்தனமாரி நின்றாள். காலையில்தான் கூட்டி வந்திருந்தாள்.

"யாருக்குய்யா? மருமகனுக்கா? சொல்லித் தொலையேன்!"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல மதினி. சத்தியமா இல்ல."

உலகம்மாள் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வாங்கி முடிக்க நேரமானது. "பெறகு என்ன மயித்துக்குல ஒங்கப்பன் மாதிரி தெருவுல வந்து நிக்க? புள்ளத்தாச்சி இருக்க வீடு! ஏட்டி, நீ உள்ள போ."

மகள் உள்ளே போனாள். தெரு கொஞ்சம் அடங்கியது. கொம்பையா சொன்னான். மெசின் குரலை வைத்துக் கண்டுபிடித்ததையும், ஒதுக்கி வைத்ததையும், அவன் கையெழுத்துப் போட்டதையும் சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, மணலில் ஒரு குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் கடைசியில். "படுத்தா யாரோ நெஞ்சுல மூட்டைய வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. இதச் சொல்ல மெசினு வேணுமா?"

"எனக்குத் தெரியல மதினி."

"நீ மூட்டை தூக்குனவன்தான? பக்கத்துல போறவன் மூச்சு ஒனக்குக் கேட்டதே இல்லயா?"

அவன் வெறுங்காலால் மணலைத் தள்ளினான்.

"பேரப்புள்ளயப் பாத்துருவேனா?"

"நாளைக்குக் காலையில பாளையங்கோட்டைப் பெரியாசுபத்திரிக்குப் போவோம். நான் கூட வாரேன். காரு கொண்டாறேன். இப்பப் பாத்தா சரி பண்ணிரலாம் மதினி."

அவள் குச்சியைக் கீழே போட்டாள். உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. உலகம்மாள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "காலையில வா. போவோம். இவளப் பாத்துக்கிட அந்தோணியம்மாட்டச் சொல்லிட்டு வாரேன்."

கொம்பையா காருக்குச் சொல்லப் போனை எடுத்தான். அதே நேரத்தில் அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போன் அடித்தது. அந்தோணியம்மாள் வீட்டில் அடித்தது. தெருவில் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை அடித்தது. ஆறு மணி.

"உலகம்மா மதினி... நாளைக்கு வேலை இருக்கு. மழைக்கு முந்தி உப்ப வாரியாகணும். விடியக்காலம் வேன் வரும். கூலி ரெண்டு மடங்கு. இத்தன நாளு சும்மா இருக்க வச்சுட்டேன், கோவிக்காதீங்க."

தெருவில் யாரோ குலவை போட்டார்கள். சற்று முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்ட பெண் இப்போது எதிர்வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதமாக வேலை இல்லாதவர்கள் யார் யார் என்று கொம்பையாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட்டவர்கள் எல்லாரும் அவர்கள்தான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

உலகம்மாள் எழுந்துவிட்டாள். "கோட்டிக்காரா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? உசிர எடுத்துட்டியே!"

"அது நான் இல்ல மதினி."

"ஒன் குரலு எனக்குத் தெரியாதா? ஒனக்குச் சோறு ஊட்டுனவ நான்."

"போவாதீங்க மதினி." தவசிலிங்கம் பால் தம்ளரோடு சிரித்தது அவன் கண்ணுக்குள் வந்தது. "மழை வருது. இனி அளம் பூட்டித்தான் கெடக்கும். நாளைக்கு யாரு விழுந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதனாலதான் கோட்ட எறக்கிட்டாவ. அதனாலதான் ஒங்களக் கூப்புடுதாவ."

"யாரு கோடு? என்ன கோடு?" அவள் அவன் முகத்தையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேர்ல வந்து போவாதன்னு சொல்லுத. போன்ல வான்னு சொல்லுத. எந்தக் கொம்பையா சொல்லுததய்யா நான் கேக்க?"

"என்னக் கேளுங்க."

"நீ ஆசுபத்திரின்னு சொல்லுத. அவன் ரெண்டு மடங்கு கூலிங்கான்." அவள் சிரித்தாள். இருமல் அதை முடிக்க விடவில்லை. "ஒரே ஒருநாளுய்யா. நாளைக்குப் போயிட்டு வந்துருதேன். நாளக்கழிச்சு ஆசுபத்திரி. புள்ளைக்கு மீனு வாங்கணும், பூண்டு வாங்கணும், ஒண்ணும் இல்ல வீட்டுல."

பொத்தானை அழுத்தினாள். போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "வாரேன்" என்றாள். நடுவில் மூச்சு எடுத்தாள். இப்போது கொம்பையாவுக்கு முதல் தடவையிலேயே கேட்டது. தெருவில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் அந்தச் சொல் வந்தது.

அவன் அவளிடம் வாரேன் என்று சொல்லிக் கிளம்ப வாயெடுத்தான். சொல்லாமல் திரும்பினான்.

தெருமுனையில் ஐஸ் பெட்டி வண்டி டிரைவர் எழுந்து, பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கொம்பையாவைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"அண்ணாச்சி, ஒங்க சேதி இப்பத்தான் வந்துச்சு. இங்க நிக்க வேண்டாம், நாளைக்குக் காலையில வண்டிய அளத்துக்குக் கொண்டு போயிருன்னு சொல்லியிருக்கீங்க. எந்தப் பாதையில வர? மழை பெஞ்சா வண்டி எறங்கிருமே."

கொம்பையா பைக்கைத் திருப்பினான். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, விசாரித்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினான். பிறகு போனை எடுத்து, பொத்தானை அழுத்தி, "வாரேன்" என்றான்.